நான்கு வெள்ளைக்கரு

எங்கள் தெருவில் பதினேழு வீடுகள். அதில் பதினாறு வீட்டுக்காரர்களும் அந்த அம்மாவிடம் ஏதாவது கேட்பதற்கு முன்னால் ஒருமுறை யோசித்துக்கொள்வார்கள். கேட்டால் பதில் வந்துவிடும். கேட்டவருக்குப் பிடித்த பதிலாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

பதினேழாவது வீடு அவருடையது. ஓடு போட்ட இரண்டு அறைகள். பின்பக்கச் சன்னலைத் திறந்தால் செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை. அதற்கு முந்தின வீடு எங்களுடையது. தெருவில் அவருக்குப் பாண்டிக்காரம்மா என்று பெயர். பிறந்தது அவலூர்பேட்டைப் பக்கத்தில் ஒரு கிராமம், வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். சின்ன வயதிலேயே பாண்டிச்சேரிக்குச் சமையல் வேலைக்குப் போய், ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவியிடம் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். கிழவி இறந்தபோது அவருக்கு மிச்சமானவை மூன்று: வட்டமான ஒரு அலுமினிய ஓவன், ஆறு தகரத் தட்டுகள், இரண்டு முழங்காலிலும் வலி. அந்த வலியை நான் ஒன்றாகத்தான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

அந்த ஓவனின் மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கும். உள்ளே ஏதாவது வேகும்போது அந்த அம்மா அதன் மேல் குனிந்தபடி நிற்பார். பன் சுட்டு விற்றுத்தான் பிழைப்பு. டிசம்பர் மாதம் மட்டும் கேக்.

நான் புள்ளியியல் துறையில் வட்டார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சிங்கவரத்து வயல்களில் கயிறு பிடித்து அளந்து, அறுத்து, நெல்லை எடை போட்டு, மகசூல் இவ்வளவு என்று எழுதுவது என் வேலை. ஓய்வு பெற்ற வருஷம் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்தோம். வந்தவர்கள் எல்லாரும் வீடு அருமை என்றார்கள். நான் பெருமையோடு இந்த அம்மாவிடமும் கேட்டு வைத்தேன்.

"சமையக்கட்டுல வெளிச்சம் பத்தாது சார். உங்க வூட்டம்மா பகல்லயே லைட்டு போட்டுத்தான் அரிசி பொறுக்கணும்."

பத்தொன்பது நாள் அவர் மேல் கோபமாக இருந்தேன். இருபதாவது நாள் டியூப் லைட் வாங்கி மாட்டினேன்.

கோட்டை பார்க்க வருகிறவர்கள் சில சமயம் வழி தவறி எங்கள் தெருவுக்குள் வந்துவிடுவார்கள். ஒருநாள் சென்னைப் பையன்கள் நாலு பேர் பன்னைப் பார்த்துவிட்டு நின்றார்கள்.

"ஃப்ரெஷ்ஷா ஆன்ட்டி?"

"நேத்து சாயங்காலம் போட்டது."

"சாப்பிடலாம்ல?"

"நான் சாப்பிடுவேன். உன் பல்லு எப்படின்னு எனக்கு இன்னா தெரியும்?"

அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். தட்டில் பன்னிரண்டு பன் அப்படியே இருந்தது. வியாபாரத்தில் இப்படி இருந்தால் எப்படியம்மா என்று நான் கவலைப்பட்டேன். அவர் பன்மேல் துணியை மூடினார்.

"கேட்டாங்க சார், சொன்னேன்."

எந்த விவகாரத்தையும் அவர் முடிக்கிற விதம் இதுதான். 'கேட்டாங்க, சொன்னேன்.'

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் கேட்கும் வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டார். பன் வாங்க வருகிற குழந்தையிடமும், "நெய் இல்ல, டால்டா. மேல தடவியிருக்கறது முட்டை. வேணுமா?" என்பார். அதற்குக் காரணம் உண்டு. பாண்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விருந்துக்கு வந்த ஒரு குழந்தைக்கு அவர் செய்த கேக் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் பாதாம் அரைத்துப் போட்டிருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. குழந்தையின் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மூச்சு நின்று வந்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிழைத்துக்கொண்டது. ஆனால் இந்த அம்மாவுக்கு அது தீரவில்லை.

"மத்தத கேட்டா சொல்லிக்கலாம் சார். வாயில போடறது இன்னான்னு மட்டும் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்," என்றார் ஒருமுறை.

நாங்கள் சமணர்கள். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் பல தலைமுறைகளாக இருக்கிற தமிழ்க் குடும்பங்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த அம்மா பதினைந்து வீட்டுக்குக் கேக் கொடுப்பார். எங்கள் வீட்டுக்கு ஆறு வாழைப்பழம். "உங்களுக்கு அது ஆவாது தங்கச்சி, முட்டை இருக்குது," என்று என் மனைவியிடம் வருஷா வருஷம் ஒரே வாக்கியத்தைச் சொல்வார். இவளும் வருஷா வருஷம், "வாசனை மட்டும் வந்துச்சுக்கா, அதுக்குப் பாவம் உண்டான்னு தெரியல," என்பாள்.

அவருடைய தம்பி மகளின் விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல இடம், பேசி முடிக்கிற கட்டம். மாப்பிள்ளை வீட்டார் மாதா கோயில் வாசலில் வைத்து இவரிடம், பெண்ணுக்கு ஏதாவது சீக்கு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். "சின்ன வயசுல ரெண்டு தபா வலிப்பு வந்துச்சு. ஏழு வயசுக்கு அப்பறம் வரல," என்று சொல்லிவிட்டார். சம்பந்தம் நின்றுபோனது.

தம்பி எங்கள் தெருவில் வந்து நின்று கத்தினார். "நீயெல்லாம் ஒரு அக்காவா? வாய மூடிக்கிட்டு இருந்தா உன் சொத்து கொறஞ்சா போயிடும்?"

இவர் கை முழுக்க மாவோடு வாசலில் நின்றார். "கேட்டாங்கடா, சொன்னேன். அவங்க கேக்காம இருந்திருந்தா நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?"

தம்பி அதன்பின் இந்தத் தெருவை மிதிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் கல்யாணம் ஆனது. அத்தைக்குப் பத்திரிகை வரவில்லை. தம்பி கத்திவிட்டுப் போன அன்று சாயங்காலம், ஒரு தட்டு பன் முழுதையும் கருகவிட்டுவிட்டு, அந்த அம்மா எங்கள் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் செஞ்சது தப்பா சார்?"

"இல்லம்மா," என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க பொய் சொல்றீங்க சார்," என்றுவிட்டுப் போய்விட்டார்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். காலை ஐந்து மணி பஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். ஐம்பத்தொரு கிலோ இருந்தவள் நாற்பத்து மூன்றுக்கு வந்துவிட்டாள். அவள் எடை, அவள் குடித்த தண்ணீர், அவள் சாப்பிட்ட இட்லி எல்லாவற்றையும் நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி வந்தேன். இட்லிக் கட்டத்தில் ஒன்றரை என்றே வந்துகொண்டிருந்தது.

உணவுக்கென்று அங்கே ஒரு பெண் இருந்தாள். எங்கள் மகள் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"காலைலதாம்மா நல்லா சாப்பிடணும். மிஷின் உங்க உடம்புல இருக்கற சத்தையும் சேத்து எடுத்துடுது. பருப்பு நிறைய கூடாது, பால் நிறைய கூடாது, கீரை கூடவே கூடாது. தினமும் நாலு வெள்ளைக்கரு சாப்பிடுங்க."

இவள் சிரித்தாள். "வேற சொல்லும்மா."

அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எடை நாற்பதுக்குக் கீழே போனால் டயாலிசிஸை உடம்பு தாங்காது என்றாள். நாற்பத்து மூன்றுக்கும் நாற்பதுக்கும் நடுவில் மூன்று கிலோ. மாதத்துக்கு ஒரு கிலோ வீதம் குறைந்துகொண்டிருந்தது. கழித்துப் பார்க்க எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து, பண்ணை முட்டையில் உயிர் கிடையாது என்று அவளிடம் அரை மணி நேரம் விளக்கினேன்.

"உயிர் இல்லாததுக்கு எதுக்குங்க அத்தன கெட்டியா ஓடு?" என்றாள்.

சிங்கவரம் போகிற வழியில் திருநாதர் குன்று இருக்கிறது. அங்கே பாறையில் வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசை, இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள். முற்காலத்தில் ஒரு துறவி அந்தக் குன்றில் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டார் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. உடம்பு நன்றாக இருந்தவரை அவள் மாதம் ஒருமுறை அங்கே போவாள். அன்று அதை எனக்கு நினைவுபடுத்தினாள்.

"அம்பத்தேழு நாள் சாப்பிடாம போய்ச் சேந்தாரு ஒருத்தர். அந்த மண்ணுல பொறந்துட்டு, போற நேரத்துல நான் முட்டை தின்னுட்டுப் போகணுமா? விடுங்க. வர்றப்ப வரட்டும்."

அவளுக்கு வருவது வரட்டும் என்று இருந்தது. எனக்கு அப்படி இல்லை. மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். மாவு சலித்துக்கொண்டிருந்தார்.

"நாலு முட்டையோட வெள்ளை. தினமும் காலைல அவ வயித்துக்குள்ள போகணும். முட்டைன்னு அவளுக்குத் தெரியக் கூடாது," என்றேன்.

சல்லடையை நிறுத்தாமல் யோசித்தார். "கீஷ் செய்யலாம் சார். அடியில மைதா, மேல காய், அதுக்கு மேல முட்டையும் பாலும் அடிச்சு ஊத்தி ஓவன்ல வெக்கறது. எங்க வெள்ளைக்காரம்மா வெள்ளிக்கிழமையானா கறி தொடாது. காய்கறி கீஷ்தான்."

"பன்னீர் போட்டதுன்னு சொல்லிடலாமா?"

"நான் சொல்ல மாட்டேன்."

"நான் சொல்லிக்கறேன்."

"அது உங்க இஷ்டம். நான் செஞ்சு எடுத்தாறேன்."

நிம்மதியாகத் திரும்பி வந்தேன். அந்த அம்மாவைத் தெருவில் மற்ற எல்லாரையும்விட நன்றாக எனக்குத் தெரியும் என்று நம்பியிருந்தவன் நான்.

திண்டிவனம் சாலையில், எனக்குப் பழக்கமில்லாத கடையாகப் பார்த்து முப்பது முட்டை கொண்ட ஒரு அட்டை வாங்கினேன். வாரத்துக்கு இருபத்தெட்டு போக இரண்டு மிஞ்சும். பழைய அலுவலகப் பையில் வைத்து, உடையாமல் இருக்க வேண்டுமே என்று நடந்தே வந்தேன். என் அறுபத்தெட்டு வயதில் நான் முட்டையைக் கையால் தொட்டது அன்றுதான்.

முதல் நாள் நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது அந்த அம்மா ஏற்கெனவே வந்திருந்தார். என் மனைவியின் மடியில் தட்டு. தட்டில் சாஸர் அகலத்துக்கு மஞ்சள் பூத்த வெள்ளையாக அந்தப் பண்டம், நாலு துண்டாக வெட்டியிருந்தது. பீன்ஸும் கோஸும் குடைமிளகாயும் தெரிந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா சன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறிடப் போகுது, சாப்பிடு," என்றேன்.

அவள் தலை நிமிர்ந்தாள். "இதுல இன்னாங்க போட்டிருக்குது?"

"பன்னீர். கொஞ்சம் கடலைமாவு."

"பன்னீரா," என்றாள்.

பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மெதுவாக மென்றாள். நாலு துண்டையும் சாப்பிட்டு முடிக்க இருபத்தாறு நிமிஷம் ஆனது. இரண்டு மிடறு தண்ணீர் குடித்தாள். நான் நோட்டை எடுத்து, இட்லிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, அதில் நான்கு என்று எழுதினேன். அதன் அடியில் இரண்டு கோடு போட்டேன். சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகு தினமும் அப்படியே நடந்தது. பஸ் பிடிக்கிற நாட்களில் நாலு மணிக்கே தட்டு வந்துவிடும். முந்தின நாள் ராத்திரியே அந்த அம்மா காயைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் ஊறப்போடுவார். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்து, வெந்த தண்ணீரையும் கொட்டுவார். காயில் இருக்கிற உப்புச் சத்து அவளுக்கு ஆகாது. மைதாவில் வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்துப் பிசைந்து, தகரத் தட்டில் விரித்து, அது உப்பாமல் இருக்க மேலே காய்ந்த மொச்சைக்கொட்டையைப் பரப்பி, முதலில் ஒரு வேக்காடு. பிறகு மொச்சையை எடுத்துவிட்டு, காயைக் கொட்டி, வெள்ளைக்கருவை ஊற்றி, மறுபடி முப்பத்தைந்து நிமிஷம். மிளகும் துருவிய ஜாதிக்காயும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அவை முட்டை வாசனையை மறைத்துவிடுகின்றன என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"வெங்காயம் இல்ல, கேரட்டு இல்ல, உப்பு இல்ல, சீஸு மோந்து பாக்கற அளவுக்கு," என்று அந்த அம்மா குறைப்பட்டுக்கொள்வார். எங்கள் வீட்டில் பூமிக்கு அடியில் விளைவதைச் சேர்ப்பதில்லை. "இதுக்குப் போயி கீஷ்னு பேரு. எங்க வெள்ளைக்காரம்மா பாத்திருந்தா என்னை வேலைய விட்டு நிறுத்தியிருக்கும்."

"நீங்க வேற பேரு வெச்சுடுங்கக்கா. செஞ்சி அடைன்னு வெச்சுக்கலாம்," என்பாள் இவள்.

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்த ஒன்பது மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்ட அளவுக்கு அதற்கு முந்தைய வருஷங்களில் பேசியதில்லை. நான் உள்ளே வந்தால் பேச்சு சில சமயம் நின்றுவிடும். பெண்கள் விஷயம் என்று இருந்துவிட்டேன்.

எடை நாற்பத்து மூன்றில் நின்றது. பிறகு நாற்பத்து நான்கு. ஐந்தாவது மாதம் நாற்பத்தைந்தரை. மருத்துவமனைப் பெண் நோட்டைப் பார்த்துவிட்டு, "எப்படி சார் சம்மதிச்சாங்க?" என்று கேட்டாள். நான் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

ஒரே ஒரு குறை. சில நாட்களில் தட்டு அப்படியே திரும்பிப் போகும். "வயிறு சரியில்லீங்க. இட்லி மட்டும் போதும்," என்பாள். அந்தக் கட்டத்தில் சைபர் போடுவேன். மாதத்துக்கு நாலு சைபர். முதலில் ஆறு நாள் இடைவெளி, அப்புறம் ஒன்பது, மறுபடி ஆறு. எப்போதாவது ஏழு, எட்டு. டயாலிசிஸ் நாட்களோடு ஒட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மருந்தோடு ஒட்டிப் பார்த்தேன். டாக்டரிடம் ஒரு வரைபடமே போட்டுக் காட்டினேன். வாயுவாக இருக்கும் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதையும் போட்டாள். சைபர் மாறவில்லை.

ஒன்பதாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, ஊசி எடுப்பதற்கு முன்பே, அந்தக் கட்டிலிலேயே அவளுக்கு இதயம் நின்றுவிட்டது. எடை குறைந்து அல்ல. அன்று காலை நாற்பத்தாறு கிலோ.

காரியங்கள் முடிந்து எல்லாரும் போனபின் நான் காலையில் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். மூன்று டம்ளர் காப்பி, பிறகு மத்தியானம்தான் சோறு. அந்த அம்மா தினமும் ஒரு கிண்ணத்தில் உப்புமாவோ பொங்கலோ கொண்டுவந்து திண்ணையின் மேல் வைத்துவிட்டு, "ரவை, எண்ணெய், பீன்ஸ்," என்று சொல்லிவிட்டுப் போவார். நாற்பத்தொரு நாள் அது பெரும்பாலும் காக்கைக்குத்தான் போனது.

நாற்பத்திரண்டாவது நாள் அவரைக் கூப்பிட்டேன்.

"அவளை ஏமாத்திட்டேன்மா. அவ விரதத்தைக் கெடுத்துட்டேன். அவளுக்கே தெரியாம. அந்தப் பாவம் எனக்குத்தான் வரணும். அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. நான் சாப்பிடணும்."

"அதுல முட்டை இருக்குது சார்."

"தெரியும்."

"நாலு வெள்ளை."

"தெரியும்மா."

போய்ச் செய்து கொண்டுவந்தார். அதே தகரத் தட்டு, அதே நாலு துண்டு. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் வைத்தேன். முன்னால் மிளகு வந்தது, ஜாதிக்காய் வந்தது. அவற்றுக்குப் பின்னாலேயே அது வந்தது. நாக்கில், தொண்டையில், மூக்குக்குள். பிறந்ததிலிருந்து அதைத் தொடாத ஒருவருக்கு அதை எந்த ஜாதிக்காயாலும் மறைக்க முடியாது. என்னால் விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை.

ஒரு மிடறு தண்ணீரோடு அதை உள்ளே தள்ளிவிட்டு, தட்டைக் கீழே வைத்தேன். அந்த அம்மா சன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார், முதல் நாள் நின்ற அதே இடத்தில்.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் சார்."

"எப்பலேருந்து?"

"மொத நாளே. நீங்க குளிச்சுக்கினு இருந்தீங்க. தட்டக் குடுக்கறப்பவே சொல்லிட்டேன். நாலு முட்டையோட வெள்ளை இருக்குது தங்கச்சின்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அந்த அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"தட்டப் பாத்துக்கினே இருந்துச்சு. அப்பறம் சொல்லுச்சு. 'அவரு வந்ததும் இதுல இன்னா இருக்குதுன்னு கேக்கப் போறேன்க்கா. நெஜத்தச் சொன்னாருன்னா சாப்பிட மாட்டேன், மறுபடி சண்டைதான் போடுவேன். பொய் சொன்னாருன்னா சாப்பிட்டுடுவேன். முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு தபா கூட எங்கிட்ட பொய் சொன்னதில்ல. இப்ப சொல்றாருன்னா, அவ்ளோ பயந்து போயிருக்காருன்னு அர்த்தம்.'"

அவர் எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போய் நின்றார். "தெனமும் அந்த நோட்டுல நீங்க நாலுன்னு எழுதறதப் பாத்துக்கினே இருக்கும் சார். நீங்க எழுதி முடிச்சப்பறம்தான் தண்ணி குடிக்கும்."

அன்று நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவள் மாட்டியிருந்த காலண்டரையும் கழற்றிக் கொண்டுவந்தேன். அஷ்டமி, சதுர்த்தசி. எங்களவர்களுக்கு விரத நாட்கள். மாதத்துக்கு நாலு. அஷ்டமியிலிருந்து சதுர்த்தசிக்கு ஆறு நாள், அங்கிருந்து அடுத்த அஷ்டமிக்கு ஒன்பது. உடம்பு கெட்ட பிறகு விரதத்தையெல்லாம் விட்டுவிட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள், நானும் நம்பினேன். திதி பார்ப்பது எப்போதும் அவள் வேலை. எனக்குத் தேதி மட்டும்தான் தெரியும்.

முப்பத்தாறு சைபர். முப்பத்தாறும் அந்த நாட்களில் விழுந்திருந்தன. இருநூற்று எழுபது நாளில் மருத்துவமனையிலேயே தங்கிய பதினொன்றைக் கழித்து, சைபர் முப்பத்தாறையும் கழித்தால், இருநூற்று இருபத்து மூன்று காலைகள். எண்ணிக்கை எல்லாம் சரி. ஒவ்வொரு காலையும், என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்தே சாப்பிட்டிருக்கிறாள். விரத நாளில் மட்டும் தன் பக்கம் நின்றிருக்கிறாள். மற்ற நாள் எல்லாம் என் பக்கம்.

அதற்கப்புறம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். சாப்பிட்டதற்காக அவள் அழுதாளா? நான் இல்லாத நேரத்தில், அந்த அம்மாவிடம், ஒரு நாளாவது?

அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கேட்டால் சொல்லிவிடுவார். அதனால்தான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றே கால் வருஷம் அவர் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். தினமும் காலையில் கிண்ணம் வந்தது. நான் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். உப்பு சரியா, காரம் சரியா என்பதைத் தவிர வேறு எதையும் பேசாமல் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவருக்குக் கண் மங்கியது. ஓவனில் கையைச் சுட்டுக்கொண்டார், இரண்டு மாதத்தில் மூன்று தடவை. பாண்டிச்சேரியில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. போகும்போது ஓவனையும் ஆறு தட்டுகளையும் என்னிடம் கொடுத்தார். "கரண்டு ஒயரு கொஞ்சம் லூசா இருக்குது, மாத்திக்குங்க," என்றார். மாற்றினேன்.

நான் இப்போது அதில் கீஷ் செய்கிறேன். பன்னீரும் கடலைமாவும் போட்டு. அன்று என் மனைவியிடம் எதைச் சொன்னேனோ அதையே. முதல் ஒன்பது தடவை சரியாக வரவில்லை. பத்தாவது தடவை உருவம் வந்தது. காலையில் இரண்டு துண்டு, ஒரு டம்ளர் மோர்.

இல்லத்துக்கு நாலு தடவை போய்ப் பார்த்தேன். கடைசித் தடவை ஒரு டப்பாவில் நாலு துண்டு கொண்டுபோனேன். காலை ஒன்பது மணி. பார்த்துக்கொள்கிற சிஸ்டர், "இப்பதான் கஞ்சி சாப்பிட்டாங்க," என்றார்.

"சாப்பிடல சார். வாயில வெக்க முடியல, செடிக்கு ஊத்திட்டேன்," என்றார் அந்த அம்மா. சிஸ்டர் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டப்பாவைத் திறந்து அவர் கையில் ஒரு துண்டை வைத்தேன். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். முகர்ந்தார்.

"இதுல இன்னா சார் போட்டிருக்குது?"

"பன்னீர். கொஞ்சம் கடலைமாவு."

கடித்து, மெதுவாக மென்றார். "பன்னீர்தான்," என்றார். "மொச்சைய போட்டு மொதல்ல ஒரு வேக்காடு விட்டீங்களா? அடி நல்லா வந்திருக்குது. மேல கொஞ்சம் காஞ்சு போச்சு." இரண்டு துண்டு சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இன்னாவோ கேக்கணும்னு வந்திருக்கீங்க."

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நீங்க பொய் சொல்றீங்க சார்."

அந்த அம்மா காத்திருந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு, அவசரம் இல்லாமல். வராந்தாவில் யாரோ தடியூன்றி நடந்து போனார்கள். நான் மீதி இரண்டு துண்டையும் டப்பாவில் அடுக்கி, மூடியை அழுத்தி மூடினேன். மத்தியானம் சாப்பிடுங்கள் என்று சொல்லி அவர் பக்கத்தில் வைத்தேன். பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றேன்.

இருபத்து மூன்றாவது நாள் போன் வந்தது. அடக்கத்துக்குப் போனேன். தம்பியும் வந்திருந்தார், தம்பி மகளும். எல்லாரையும் சேர்த்துப் பதினான்கு பேர். மண் போடும்போது எனக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். என் முறை வருவதற்குள் அந்த ஒரு கேள்வியை அவரிடம் கேட்டுவிடலாம் போல இருந்தது.